வெயிலில் நீலம், நிழலில் கறுப்பு

கார் கழுவ ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழைய துணியும் இருந்தால் போதும் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள். அவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. கறுப்பு, கருநீலம், கரும்பச்சை என்று ஏதோ ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு, காக்கை கத்தினால் மேலே பார்த்து, பிள்ளைகள் ஓடினால் கீழே பார்த்து, சாப்பாட்டில் பாதியில் எழுந்துபோய் 'அது கோடா, முடியா' என்று விரலால் தடவிப் பார்க்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ரத்தினம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். எண்பதுகளின் நடுவில் கம்பெனியை மூடிவிட்டார்கள். கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தைப் போட்டு ஒரு பழைய அம்பாசடர் வாங்கிக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டலாம் என்று முடிவு செய்தார். விற்றவர் வீட்டு வாசலில், நல்ல வெயிலில் பார்த்திருக்கிறார். பளபளவென்று நீலம், மயில் கழுத்து மாதிரி இருந்ததாம். அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வேப்ப மரத்தடியில் நிறுத்தினார். அட்டைக் கறுப்பு! "இன்னாங்க இது?" என்று கேட்டேன். அவர் வண்டியை நாலடி முன்னால் எடுத்து வெயிலில் விட்டார். நீலம். பின்னால் எடுத்தார். கறுப்பு.

கல்யாணத்துக்குப் போகிற வண்டி ஐயா இது. எங்கள் பக்கத்தில் முகூர்த்தப் புடவையில் ஒரு கறுப்பு இழை இருந்தாலே கடைக்காரனிடம் சண்டைக்குப் போவார்கள். இந்த வண்டியோ தூசி படிந்தால் கறுப்பு, ஈரமாக இருந்தால் கறுப்பு, பாலிஷ் மங்கினால் கறுப்பு. கழுவித் துடைத்து, வாக்ஸ் போட்டு, மஞ்சள் துணியால் கை வலிக்கத் தேய்த்து, வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் நீலம். ஓட்டுவது அவர் வேலை, நீலமாக்குவது என் வேலை என்று ஆகிப்போனது. 'கறுப்பு வண்டி' என்று ஒரு தடவை பெயர் எடுத்துவிட்டால் அப்புறம் ஒரு வீட்டிலும் கூப்பிட மாட்டார்கள். எங்களுக்கு வேறு பிழைப்பும் கிடையாது. இந்தப் பயத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு நான் கழுவிய கதைகளில் சிலதைக் கேளுங்கள்.

மேகம் போகட்டும்

குமணன்சாவடியில் டில்லிபாபு என்று ஒருவர். கல்யாணத்துக்குப் பந்தல், மைக் செட், வண்டி எல்லாம் பிடித்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். எங்களுக்கு வந்த சவாரி எல்லாம் அவர் கையிலிருந்துதான் வந்தது. முதல் சவாரியே பட்டாபிராம் பார்ட்டி. பெண்ணின் அப்பாவும் அத்தையும் வண்டியை நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்களாம். விடிவதற்கு முன்பே எழுந்து மேற்கூரையில் ஆரம்பித்துக் கீழே சக்கரம் வரைக்கும் கழுவி, வாக்ஸ் போட்டு, தெரு நடுவில் வெயில் சுள்ளென்று விழுகிற இடமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். தெரு முனையில் அவர்களுடைய ஆட்டோ திரும்பியதும் ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது. என் கண் முன்னாலேயே வண்டி கறுத்துப் போனது.

"வாங்க வாங்க, மொதல்ல காபி சாப்டுங்க" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டேன். காபி முடிந்தது. மேகம் நகரவில்லை. முறுக்கு கொண்டுவந்து வைத்தேன். பெண் என்ன படித்திருக்கிறாள், மாப்பிள்ளைக்கு எங்கே வேலை, சமையலுக்கு யார் என்று கேட்டுக்கொண்டே ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரோ வெளியே டயரை உதைத்துப் பார்ப்பதுபோல் பாசாங்கு. ஒருவழியாக வெயில் வந்து, அவர்களும் நீலத்தைப் பார்த்து, தலையாட்டிவிட்டுத்தான் போனார்கள். ஆனால் வெயில் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த அத்தை முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "எம்மா, எங்க பொண்ண பாக்க வந்தவங்களே இவ்ளோ நேரம் ஒக்காரல. மேகம் எப்போ போவும்னு கரீட்டா சொல்லிடு, மத்தியான சோத்தையும் இங்கியே துண்ணுட்டு பாத்துட்டு போறோம்."

குழாயடியில் ஒரு கேள்வி

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. துணி துவைத்தால் விறைத்து நிற்கும். பருப்பு வேகாது. வெள்ளை வண்டியாக இருந்தால் தெரியாது. இந்தக் கருநீலத்தில் ஒவ்வொரு சொட்டும் காய்ந்து ஒரு வெள்ளை வட்டமாக உட்கார்ந்துவிடும். பானெட் முழுக்க அம்மை போட்டதுபோல் ஆகிவிடும். துடைத்தால் போகாது, மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றி உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். நல்ல தண்ணீர் தெருக் குழாயில்தான் வரும், அதுவும் காலையில் கொஞ்ச நேரம். நான் என் குடங்களோடு வரிசையில் நின்றேன்.

முதல் குடம் வீட்டுக்குப் போனது. மற்றதெல்லாம் வண்டிக்குப் போனது. சில நாள் யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் என் பின்னால் நின்றிருந்த எதிர் வீட்டுக் கன்னியம்மா, நான் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி அப்படியே பானெட்மேல் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டாள். வரிசை முழுக்கத் திரும்பியது. நாங்கள் உப்புத் தண்ணீரில்தான் குளிக்கிறோம், எங்கள் பங்கைத்தான் வண்டிக்கு ஊற்றுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "எங்க ஊட்டு கொயந்திங்க வாரத்துல ஒரு தபா தலைக்கு ஊத்திக்கினா பெருசு. உங்க ஊட்டு காருக்கு இன்னாம்மா, தெனம் தீவாளியா?"

தம்பி போட்ட மினுமினுப்பு

ஆவடியில் இருக்கிற என் தம்பி சேகருக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. எனக்குக் காய்ச்சல் கண்டு படுத்திருந்த அன்று வந்து சேர்ந்தான். மறுநாள் பூந்தமல்லியில் ஒரு கல்யாணம். "நீ படுக்கா, நான் பாத்துக்கறேன்" என்று கிளம்பினான். வாக்ஸ் டப்பா காலியாகியிருந்தது. என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுக்களையிலிருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய் வண்டி முழுக்கத் தடவிவிட்டான். காலையில் தட்டுத் தடுமாறி எழுந்து வந்து பார்க்கிறேன், தலை வாரிக்கொள்ளலாம் போல மின்னுகிறது. அப்படி ஒரு நீலத்தை நானே ஒரு நாளும் கொண்டுவந்ததில்லை. ஒரு வாசனை மட்டும் வந்தது. காய்ச்சல் மூக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

குமணன்சாவடியில் ரோடு வெட்டிப் போட்டிருந்தார்கள். பெங்களூர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போகின்றன. அந்தப் புழுதி அத்தனையும் எண்ணெயில் வந்து ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் பதறிப்போய் ஓரம் கட்டி உலர்ந்த துணியால் துடைக்க, அது குழம்பாகி, மண்ணும் எண்ணெயும் சேர்ந்து பெயின்ட்மேல் கோடு கோடாக இழுத்துவிட்டது. மண்டபத்து வாசலில் பெண் வீட்டார் பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வண்டியைத் திருப்பி அனுப்பிய முதல் வீடு அதுதான். அந்தக் கோடுகளைப் பார்த்து நான் திண்டாடிப்போய் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். எண்ணெய் போக ஷாம்பு பாக்கெட்டுகளை மாலை மாலையாக வாங்கிக் கரைக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் வந்த டில்லிபாபு, மூலையில் பதுங்கி நின்ற சேகரைக் கூப்பிட்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "கறுப்பு வாணாம்னுதான் சொன்னாங்க நைனா. அதுக்குன்னு சாமிக்கு சந்தனக் காப்பு போட்ற மாதிரி வண்டிக்கு மண்ணு காப்பு போட்டு அனுப்பிகீறியே, இன்னா வேண்டுதல்?"

எஸ்தர் அக்கா தைத்த சட்டை

பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் பக்கமாகத்தான் சாய்ந்திருந்தது. காக்கைகளுக்கு அதுதான் வீடு. எச்சம் விழுந்து மத்தியானம் வரைக்கும் அப்படியே கிடந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும். துடைத்த பிறகும் தேமல் மாதிரி ஒரு திட்டு நிற்கும். தார்ப்பாய் போட்டுப் பார்த்தேன். காற்றில் படபடவென்று அடித்து அது வேறு தேய்த்தது. தெருக் கடைசியில் துணி தைக்கிற எஸ்தர் அக்காவிடம் போய் நின்றேன். பழைய பெட்ஷீட்டுகளை இணைத்து, உள்பக்கம் மெத்தென்று ஃபிளானல் வைத்து ஒரு உறை தைத்துத் தரச் சொன்னேன்.

நல்ல மனசு அந்த அக்காவுக்கு. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றி அளந்தது. நானும் பின்னாலேயே சுற்றினேன். ஊசி கீழே விழாமல் பார்த்துக்கோங்க, வளையல் பட்டுடப்போவுது, கத்தரிக்கோலை பானெட்மேல வைக்காதீங்க என்று நச்சரித்தேன். தைத்துக்கொண்டு வந்தபோது கண்ணாடிப் பக்கம் இழுக்கிறது என்று திருப்பி அனுப்பினேன். அடுத்து வந்தபோது, தையல் முடிச்சு உள்பக்கம் இருக்கிறது, அது கீறும் என்றேன். கிறிஸ்மஸ் நெருங்கிக்கொண்டிருந்த நேரம், அதன் மிஷின்மேல் ஊர்த் துணியெல்லாம் குவிந்து கிடந்தது. எஸ்தர் அக்கா உறையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டது: "எம் பசங்களுக்குப் பண்டிகைத் துணி இன்னும் வெட்டவே இல்ல சரோஜா, உன் வண்டிக்கு அக்குள் பிடிக்குதுன்னு பிரிச்சிகினு கீறேன். இதுக்கு சமஞ்ச சடங்கு எப்போன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடு."

நூல் கண்டும் கற்பூரமும்

உறை வந்த பிறகு நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். வண்டி வீட்டில் இருக்கும்வரைதான் என் கண்ணுக்குக் கீழே. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழர்கள் செலோடேப்பால் பூ ஒட்டுவார்கள். பிய்க்கும்போது வாக்ஸும் வரும், சமயத்தில் பெயின்ட்டும் வரும். கதவோரத்தில் ஒரு செதில் அப்படிப் போனதிலிருந்து, ஒரு நூல் கண்டை எடுத்துக்கொண்டு நானும் வண்டியோடு போக ஆரம்பித்தேன். "ஒட்டாதீங்கப்பா, கட்டுங்கப்பா" என்று மன்றாடுவேன். பெல்ட் பக்கிளோடு பானெட்டில் சாய்கிற பையன்களைப் பார்த்தால் ஓடிப்போய் நடுவில் நின்றுகொள்வேன்.

ஆவடியில் ஒரு கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பும்போது ஆரத்தி சுற்றினார்கள். சிவப்புத் தண்ணீரைச் சக்கரத்தடியில் ஊற்றினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு பெரியவர் கற்பூரத்தை எடுத்து, கொளுத்தி, நேராக பானெட்மேல் வைக்கக் கையைக் கொண்டுபோனார். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்து, பந்திக்கு வைத்திருந்த ஒரு எவர்சில்வர் தட்டை அவர் கைக்கும் வண்டிக்கும் நடுவில் நீட்டிவிட்டேன். எல்லாரும் திகைத்துப் போய்ப் பார்க்கிறார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பக்கத்தில் நின்றிருந்த பெண்ணின் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தொட்டாள்: "பொண்ண அனுப்புற நானே அழுவாம நிக்கிறேன். நீ இன்னாத்துக்கும்மா காருக்கு கண்ணு கலங்குறே? அது சாய்ந்திரம் உங்க ஊட்டுக்கு வந்துடும்ல?"

வண்டிக்குத் தலை முழுக்கு

ஒரு மத்தியானம் வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். பின்னால் அவன் அம்மா, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு. திருநின்றவூரில் அவளுடைய அண்ணன் இறந்துவிட்டாராம். அன்றைக்குப் பார்த்து ரயில் ஓடவில்லை. எடுப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். "கறுப்பு வண்டி ஒண்ணு இந்தத் தெருவுல கீதுன்னாங்க" என்றான் பையன். கறுப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. மறுநாள் காலை அம்பத்தூரில் முகூர்த்தம். இழவு வீட்டு வாசலில் எங்கள் வண்டி நின்றதை யாராவது பார்த்துத் தொலைத்தால் பிழைப்பே போய்விடும். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "போங்க, சீக்கிரம் கொண்டுபோய் வுடுங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அவர் திரும்பி வரும்போது நான் தெரு முனையிலேயே வாளிகளோடு நின்றேன். துக்கத்துக்குப் போய் வந்தவர் குளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாது அல்லவா? வண்டியும்தான் போய் வந்திருக்கிறது. இருவரையும் தெருவுக்குள் விடாமல் அங்கேயே நிறுத்தினேன். முதலில் அவர் தலையில் ஒரு வாளி. பிறகு மேற்கூரையிலிருந்து வண்டிக்கு. மஞ்சள் கரைத்த தண்ணீரைச் சக்கரங்களுக்குத் தெளித்தேன், ஸ்டியரிங்கையும் விடவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். சட்டையைப் பிழிந்துகொண்டே சாந்தமாகக் கேட்டார்: "நான் தல முழுவணும், நாயம். செத்துப்போனவரு வண்டிக்கு இன்னா வேணும் சரோஜா? பெரியப்பனா, சித்தப்பனா?"

டில்லிபாபு உட்காரவில்லை

நான் பயந்தது நடந்தது. கொஞ்ச நாள் கழித்து அம்பத்தூரிலிருந்து ஒரு குடும்பம் முன்தகவல் இல்லாமல் விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து நின்றது. வண்டி வேப்ப மரத்தடியில், உறைக்குள். உறையை விலக்கினால் அந்த நேரத்துக்கு அது என்ன நிறமாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் வாருங்கள், வெயிலில் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். அவர்களோடு வந்த ஒருவர் நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது எங்க மாமன் எழவுக்கு வந்த வண்டியாச்சே!" என்றார். அவ்வளவுதான். வந்த வேகத்தில் திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் டில்லிபாபு வந்தார். எப்போதும் வாசலிலேயே "அக்கா, காபி" என்று குரல் கொடுப்பவர் அன்று உட்காரவுமில்லை, காபியும் கேட்கவில்லை. வெள்ளை பெயின்ட் அடித்துவிடுங்களேன் என்றார். அதற்கு எங்களுக்கு வழியில்லை என்று அவருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கம்பெனி மூடிய அன்றைக்கு அவர் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தார். ஐப்பசியில் திருநின்றவூரில் ஒரு கல்யாணம் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறது, அது ஒன்றுதான் மிச்சம் என்றார் டில்லிபாபு. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அதுலயும் வாணாம்னு திருப்பி அனுப்பிச்சாங்கன்னா, அப்பால நானும் உன்ன அக்கான்னு கூப்ட மாட்டேன். மேடம்னுதான் கூப்டுவேன், சொல்ட்டேன்."

ஐப்பசியில் ஏது வெயில்

அந்தக் கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து மழை. மழை என்றால் சும்மா தூறல் இல்லை, திருநின்றவூர் ஏரியே எழுந்து ரோட்டுக்கு வந்தது போலக் கொட்டியது. முந்தின நாள் முழுக்க நான் போட்ட வாக்ஸ் எல்லாம் மண்டபம் போய்ச் சேர்வதற்குள் சேற்றுக்கு அடியில் போய்விட்டது. மண்டபத்துப் போர்ட்டிகோவில் வண்டியை ஒதுக்கி, கேனில் கொண்டுபோயிருந்த தண்ணீரை ஊற்றிச் சேற்றைக் கரைத்தேன். துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஈரக் காற்று புகைபோல் படிகிறது. வானம் இருண்டு கிடக்கிறது. வண்டி கறுப்பு. இதற்குமுன் அது அவ்வளவு கறுப்பாக இருந்ததே இல்லை.

தாலி கட்டி முடிந்து, பெண்ணை ஆவடிக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போகிற நேரம். நல்ல நேரம் முடிவதற்குள் அங்கே போய் அவள் விளக்கேற்ற வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார், வண்டியைப் பார்த்தார், நின்றுவிட்டார். "இன்னா டில்லி, நீலம்னு சொன்னே? இது கறுப்பாகீது. எம் புள்ள மொதமொதல்ல பொண்டாட்டிய இட்டுகினு இதுல ஏறணுமா? வேற வண்டி கொண்டா." டில்லிபாபு என் பக்கம் திரும்பவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஐயா, நீலம்தான்யா, வெயில் வந்தா தெரியும்யா" என்றேன். "ஐப்பசியில ஏதும்மா வெயிலு?" என்றார் அவர். பெண்ணின் அப்பா கையைக் கூப்பிக்கொண்டு அவரிடமும் டில்லிபாபுவிடமும் மாறி மாறி ஓடுகிறார். அந்த மழையில் வேறு வண்டிக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து பின் கதவை மஞ்சள் துணியால் தேய்க்க ஆரம்பித்தேன். சூடு ஏறினால் கொஞ்சமாவது நிறம் கொடுக்காதா என்று தேய்த்தேன். முருகா முருகா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு தேய்த்தேன்.

அப்போதுதான் பெண் வாசலுக்கு வந்தாள். முகத்தில் அப்பிய பவுடர் கழுத்தோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே அவளுடைய சொந்த நிறம், என்னைவிட இரண்டு பங்கு கறுப்பு. வியர்வை வழிந்த இடத்திலெல்லாம் பக்கத்தில் வந்த ஒரு பெண் பவுடர் பஞ்சால் ஒற்றி ஒற்றி அடைத்துக்கொண்டே வந்தாள். மாமனார் மறுபடியும் கறுப்பு என்று சத்தம் போட்டது இவள் காதில் விழுந்தது. ஒரு நிமிஷம் வண்டியைப் பார்த்தாள், மண்டியிட்டிருந்த என்னைப் பார்த்தாள். பஞ்சு வைத்திருந்த கையை மெதுவாக விலக்கினாள். புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, யாருக்காகவும் காத்திராமல் தானே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபக்கமாகச் சுற்றி வந்து அவளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். மாமனார் முனகிக்கொண்டே முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். நான் இன்னும் கதவோரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன், கை நிற்க மாட்டேன் என்றது. அந்தப் பெண் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வுடுங்கக்கா. எனக்கும் காலைலேர்ந்து இதையேதான் பண்ணிகினு கீறாங்க."

அதற்குப் பிறகு டில்லிபாபு சவாரி கொடுப்பதையும் நிறுத்தவில்லை, நானும் கழுவுவதை நிறுத்தவில்லை. வண்டி என்ன கலர் என்று கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் "கழுவின கலர்" என்று சொல்லிவிட்டு, வானத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விடுவேன்.